மறுபாதி எங்கன?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர்கூட ‘எனக்குக் குணமாகிவிட்டது’ என்று நிம்மதியாகச் சொல்ல முடியாமல் செய்த ஒரே மனிதர் எங்கள் மறுபாதி சார்தான். விரதம் இருந்தேன், வேலை கிடைத்தது என்பீர்கள். புது உரம் போட்டேன், நெல் சாய்ந்து விளைந்தது என்பீர்கள். மனிதர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். முகத்தில் அவ்வளவு மரியாதை இருக்கும். நீங்கள் சொல்லி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைக்கிற நேரம் பார்த்து, “ரொம்பச் சந்தோசம். மறுபாதி எங்கன?” என்பார்.

அதாவது, விரதம் இருந்து வேலை கிடைத்தவர் ஒரு பாதி. விரதமே இல்லாமல் வேலை கிடைத்தவர்கள், விரதம் இருந்தும் கிடைக்காதவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்கிறார். விரதம் இருந்தவருக்குக் கிடைத்த வேலையும் பறிபோனது போல முகம் வாடிவிடும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவரும் நானும் வாத்தியார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சின்னமனூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறையில் குடியிருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் மறுபாதி சார். எதற்கெடுத்தாலும் மெட்டுப் போட்டு முணுமுணுக்கிற ஆள் என்பதால், அவருக்கு நான் பாட்டு சார்.

ஆசிரியர் பயிற்சியில் உளவியல் என்று ஒரு பாடம் உண்டு. நாங்கள் எல்லோரும் படித்தோம், பரீட்சை எழுதினோம், வெளியே வந்து பஸ் ஏறுவதற்குள் மறந்தோம். அவர் மட்டும் மறக்கவில்லை. போதாக்குறைக்கு மதுரையில் பழைய புத்தகக் கடையிலிருந்து தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவன் எப்படியெல்லாம் ஏமாந்து போவான் என்பதைப் பக்கம் பக்கமாக விளக்கும் புத்தகம். அட்டை கிடையாது, முதல் முப்பது பக்கமும் கிடையாது. எதற்காக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அந்த முப்பது பக்கத்தில்தான் இருந்திருக்கும், அதைப் படிக்காததால்தான் இந்த மனிதர் இப்படி ஆகிவிட்டார் என்பது எங்கள் ஹெட்மாஸ்டரின் கருத்து.

ஹெட்மாஸ்டருக்கு அந்தக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. அவருக்கு மாதம் ஒரு முறை தலைவலி வரும். வந்தால் மூன்று நாள். ஒரு முறை பொறுக்க முடியாமல் பஸ் ஏறி, சுருளிப்பட்டியில் இறங்கி, சுருளி அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் வலி இல்லை. பள்ளிக்கூடம் முழுக்க அருவியின் மகிமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுபாதி சார் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

“சார், வலி ஆரம்பிச்ச அன்னைக்கே அருவிக்குப் போயிட்டீகளா?”

“இல்லய்யா. மூணாவது நாளு. உசுரே போயிரும் போல இருந்துச்சு. அப்பத்தான் கெளம்புனேன்.”

“உங்களுக்கு எப்பவுமே எத்தன நாளு சார் இருக்கும்?”

“மூணு நாளு.”

“அப்ப வீட்ல படுத்துக் கெடந்திருந்தாலும் நாலாவது நாளு போயிருக்குமே சார்? உச்சிக்கு ஏறுன வலி எறங்கித்தான ஆகணும்? அது எறங்குற நேரமாப் பாத்து நீங்க அருவிக்கடியில போய் நின்னுட்டீக.”

மறுபாதி சார் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார்.

“அடுத்த தலைவலிக்குச் சுண்டிப் பாப்போம் சார். தலை விழுந்தா அருவி, பூ விழுந்தா வீடு. ஒரு பத்துத் தலைவலி பாத்தம்னா ஓரளவு தெரிஞ்சு போகும்.”

“பத்தா? ஏய்யா, நான் உசுரோட ரிட்டயர் ஆக வேணாமா?”

அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர் யோசனையாக நெற்றியில் கை வைத்தால்கூட, வாசலில் நாணயத்தோடு இவர் நிற்பார். மனிதர் நெற்றியில் கை வைப்பதையே விட்டுவிட்டார். மாதம் மூன்று ஓடியது, தலைவலி என்ற பேச்சே இல்லை. “பாத்தீரா, உம்ம நாணயமே குணப்படுத்திருச்சு” என்று நான் கிண்டல் செய்தேன். அவர் வருத்தமாகச் சொன்னார்: “தலைவலி கொறையல பாட்டு சார். சொல்றதுதான் கொறஞ்சு போச்சு.”

எங்கள் அறைக்கு எதிரே குமுளியிலிருந்து வந்த ஒருவர் சாயாக்கடை வைத்திருந்தார். தன்னுடைய இஞ்சிச் சாயா குடித்தால் மதியம் தூக்கமே வராது என்று அவர் பெருமை அடிப்பார். விடுவாரா இவர்? ஆறு பேருக்கு இஞ்சி போட்டது, ஆறு பேருக்கு இஞ்சி வாசனை மட்டும் காட்டியது என்று ஏற்பாடு செய்தார். குடிக்கிறவருக்கு எது என்று தெரியக் கூடாது. முதல் நாளே சிக்கல். இஞ்சி போட்ட கிளாசைக் கொடுக்கும்போது கடைக்காரர் முகம் தன்னால் மலர்ந்துவிடும். அதனால் அவருக்கும் தெரியாதபடி இவரே கிளாஸ்களை மாற்றி வைத்தார். இவர் முகமும் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து, ஒரு ஈரத் துண்டைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டிக் கொடுத்தார். புதிதாக வந்த பஸ் பயணிகள் ஆளில்லாமல் துண்டுக்குள்ளிருந்து வரும் சாயாவைப் பார்த்து அப்படியே திரும்பிப் போனார்கள்.

“எந்தா சாரே, இது சாயாக்கடையா சர்க்கஸா?” என்று கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

“சேட்டா, உண்மை வேணுமா வேணாமா?”

“எனக்கு வேண்டா சாரே. எனக்கு யாவாரம் மதி, அது போதும்.”

இதையெல்லாம் மிஞ்சியது வாசல் கதை. வாத்தியார்கள் தாமதமாக வருகிறார்கள் என்று ஹெட்மாஸ்டருக்கு ஒரு குறை. யார், எவ்வளவு தாமதம் என்று நான் எழுதித் தருகிறேன் என்று இவர் நோட்டோடு வாசலில் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் மணி அடிப்பதற்கு முன்பே ஆஜர். ஹெட்மாஸ்டருக்கு ஆனந்தம். இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

“நான் பாக்குறேன்னு தெரிஞ்சு வந்துர்றாக. நான் பாக்காதப்ப எப்படி வாராகன்னுல்ல தெரியணும்? பாக்காம எப்படிப் பாக்குறது?” என்று என்னிடம் புலம்பினார்.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த புளியமரத்தில் ஏறி, இலைக்குள் உட்கார்ந்துகொண்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார். பாவம், அதற்கும் ஆயுசு இல்லை. அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மாள் அண்ணாந்து பார்த்து, “ஏ ஆத்தாடி! வாத்தியாரே, புளி உலுக்கவா ஏறுனீக? மரத்த ஏலம் எடுத்தவுகளக் கேட்டீகளா?” என்று ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள். ஒரு மாதம் அவரைப் பார்க்கிற பையன்கள் எல்லாம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்கள்.

இதுவரை சிரித்தீர்கள். நானும் சிரித்தவன்தான். அவருடைய நாணயம் என் பக்கம் திரும்பிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஏ, பி என்று இரண்டு பிரிவு. நன்றாகப் படிக்கிறவர்களும் தோட்டந்துரவு உள்ள வீட்டுப் பிள்ளைகளும் ஏ பிரிவில் இருப்பார்கள். மற்றவர்கள் பி. இது யாரும் எழுதி வைக்காத சட்டம். அந்த வருடம் இரண்டு பிரிவுக்கும் நாங்கள் இருவரும் வகுப்பாசிரியர்கள். ‘இப்படி ஏற்கெனவே பிரிச்சு வச்சுட்டா எந்த வாத்தியார் நல்லாச் சொல்லிக் குடுத்தாருன்னு எப்படித் தெரியும்?’ என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு சுண்டித்தான் பிரிவு போட வேண்டும் என்று மறுபாதி சார் பிடிவாதம் பிடித்தார். ஆச்சரியம், ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொண்டார். சிபாரிசுக்கு வருகிறவர்களிடம் பழியைக் காசின் மேல் போட்டுவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

வாழைத் தோட்டக்காரர் ஒருவர் வெள்ளை வேட்டி சரசரக்க வந்து நின்றார்.

“எங்க அய்யா ஏ பிரிவு, நான் ஏ பிரிவு. எம்மகன் மட்டும் என்ன பாவம் செஞ்சான், பி பிரிவுல போட்டீக?”

“பூ விழுந்துருச்சுங்க” என்றார் மறுபாதி சார்.

“என்னாது?”

“தலை விழுந்திருந்தா ஏ. பூ விழுந்துருச்சு. வேணும்னா நீங்களும் ஒருக்கா சுண்டிப் பாருங்க. ஆனா மாத்த மாட்டேன்.”

அவர் காசைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு அவருக்கு. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அறிவியல் பாடத்தைக் கும்மி மெட்டில் பாட்டாகக் கட்டிச் சொல்லிக் கொடுத்தால் என்ன? கட்டினேன். நான்கு பாடங்களுக்குப் பாட்டு தயார். தண்ணீர்ப் பாடத்துக்கு இப்படி:

சூரியன் சுட்டா ஆவியடி – தண்ணி
மேலே போகுது பாருங்கடி
மேலே குளுந்தா மேகமடி – அது
மேகமலை மேலே தூங்குதடி

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிப் பாடினார்கள். கூரை ஓடு நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மறுபாதி சார் பாட்டில்லாமல், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி நடத்தினார். “நீங்க பாடுங்க, நான் பாடல. ஒரே பாடம், ஒரே பரீட்சை. அரையாண்டுல பாப்போம்” என்றார். தன் வகுப்பில் யாரும் பாடக் கூடாது என்று கண்டிப்பு. பாட்டு கேட்டுவிடக் கூடாது என்று சுவரில் இருந்த ஓட்டையைக்கூடக் களிமண் வைத்து அடைத்தார்.

அரையாண்டு வந்தது. என் வகுப்பின் சராசரி ஒரே பாய்ச்சலாக ஏறியிருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹெட்மாஸ்டர் கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். பொங்கல் கழிந்து டெபுடி இன்ஸ்பெக்டரே வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் வட்டாரம் முழுக்க என் பாட்டு முறையைக் கொண்டுவருவதாகவும், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் காலியாக இருக்கும் இடத்துக்கு என்னைச் சிபாரிசு செய்யப் போவதாகவும் பதில் வந்தது. பயிற்சிப் பள்ளி வேலை என்பது அந்த நாளில் எனக்குச் சொர்க்கத்துக்கு ஒரு படி கீழே. அறையில் கண்ணாடி முன் நின்று, மாலையை எந்தக் கையால் கழற்றுவது என்று பழகிப் பார்த்தேன்.

மறுபாதி சார் பாயில் உட்கார்ந்து என்னுடைய மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பாட்டு சார், காலாண்டுப் பரீட்சைய உங்க வகுப்புல எத்தன பேரு எழுதுனாக?”

“நாப்பத்திரண்டு.”

“அரையாண்டு?”

நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“முப்பத்தொண்ணு. பதினோரு பேரக் காணோம். எங்கன போனாக?”

எனக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். ஏலக்காய் எடுக்கிற காலம். நிலமில்லாத குடும்பங்கள் சட்டிபானையோடு மேகமலைக்கு ஏறிவிடும். ஏலச்செடி அடித்தூரில் காய்ப்பது. குந்தி உட்கார்ந்து எடுக்கச் சின்னக் கை தோதாக இருக்கும் என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். வருடா வருடம் நடப்பதுதான். வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டு மேலே நடத்துவோம்.

“அந்தப் பதினோரு பேரு காலாண்டுல வாங்குன மார்க்கப் பாருங்க. முக்காவாசிப் பேரு அடியில இருந்தவுக. பாதி நாளு வேலைக்குப் போற புள்ளைக. அவுகள எடுத்துட்டுக் கூட்டுனா சராசரி ஏறத்தான செய்யும்? வகுப்பு ஏறல சார். கீழ இருந்தவுக மலையேறிட்டாக.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. “உமக்குப் பொறாமை” என்றேன்.

“இருக்கலாம்” என்றார் அமைதியாக. “அதுனாலதான் என் வகுப்பையும் பாத்தேன். அதுலயும் ஒன்பது பேரு மலைக்குப் போயிட்டாக. அதோட சராசரியும் உங்களுது அளவுக்கு ஏறியிருக்கு. நான் ஒரு பாட்டும் பாடல. அப்பப் பாட்டுக்கு என்ன வேலை?”

அந்தக் கேள்விக்கு அப்புறம் பத்து நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, விளக்கெண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்குக்கூட நான் எதிர்ச்சாரிக்குப் போய்ச் சாயாக்கடைக்காரரிடம் சொல்ல, அவர் வாசலில் வந்து நின்று மாடியைப் பார்த்துக் கத்துவார். “ஒரே முறியில கெடந்துட்டு என்னெ எந்தினா சாரே கொல்றீங்க?” என்று அவர் அழாத குறை.

பதினோராவது நாள் மறுபாதி சாரே மௌனத்தை உடைத்தார். “சனிக்கிழமை எஸ்டேட் லாரியில மேகமலைக்குப் போறேன். அந்த இருபது புள்ளைகளுக்கும் அதே அரையாண்டுக் கேள்வித்தாளக் குடுத்துப் பாக்கணும். போனவுகளையும் சேத்து எண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு?”

“நான் மட்டும் போனா என் மனசுக்குப் புடிச்ச மாதிரி திருத்திருவேன். பக்கத்துல உங்கள மாதிரி எனக்கு வேண்டாத ஆளு ஒருத்தர் இருக்கணும்.”

என்னை இதைவிடக் கௌரவமாக யாரும் எங்கும் அழைத்ததில்லை. போனேன்.

சின்னமனூரிலிருந்து மேலே போகிற பாதையைப் பாதை என்று சொன்னவர் அதில் போயிருக்க மாட்டார். அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, வளைவுக்கு ஒரு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். இறங்கியதும் செருப்புக்குள் அட்டை. மறுபாதி சாரின் இரண்டு காலிலும் ரத்தம். என் காலில் ஒன்றுகூட ஏறவில்லை. “எனக்கு மட்டும் ஏன்?” என்று அவர் யோசிக்கத் தொடங்கியதும், எங்கே என் கால்களை வைத்து ஆராய்ச்சி ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்து வேகமாக நடந்தேன்.

லயத்துக்கு, அதாவது வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகளுக்கு, ஒரு சரிவைத் தாண்டிப் போக வேண்டும். மரங்களுக்கு அடியில் ஏலச்செடிகள். செடிகளுக்கு நடுவே பெண்களும் பிள்ளைகளும் குந்தியிருந்தார்கள், தலை தெரியவில்லை. குரல்தான் முதலில் வந்தது.

“சூரியன் சுட்டா ஆவியடி...”

நான் நின்றுவிட்டேன். ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்க, அம்மாமார்கள் திருப்பிப் பாடினார்கள். காய் எடுக்கிற கைக்குத் தோதாக மெட்டைக் கொஞ்சம் இழுத்திருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நான் போட்டதைவிட நன்றாகவே இருந்தது.

எடுத்துக் கொடுத்த பிள்ளை எழுந்து எங்களைப் பார்த்ததும் பாட்டு சட்டென்று நின்றது. அது பேச்சியம்மா. மறுபாதி சாரின் பி பிரிவுப் பிள்ளை.

மறுபாதி சார் அட்டைக்கடியோடு அப்படியே நின்றார். “ஏத்தா, நீ பி பிரிவுல்ல? இந்தப் பாட்டு ஒனக்கு எப்படித் தெரியும்?”

பேச்சியம்மா தாவணி முனையைத் திருகினாள். “வாய்க்காக் கரையில வரும்போது ஏ பிரிவுப் புள்ளைக பாடிக்கிட்டே வருவாக சார். நாங்களும் பாடுவோம். எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்குமா? எம்முன்னாடி ஒருத்தரும் பாடலையே?”

“நீங்கதான் கூடாதுன்னு சொல்லிட்டீகளே. மாசப் பரீட்சையில மனசுக்குள்ளயே பாடிப் பாத்து எழுதுனோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “பாட்டு சார் பாட்ட நாங்க பாடுறது தெரிஞ்சா ஒங்க மனசு சங்கடப்படும்னு நாங்களே பேசிக்கிட்டோம் சார்.”

மறுபாதி சார் பக்கத்தில் இருந்த ஏலக்காய் மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். மேகம் ஒன்று சரிவில் இறங்கி எங்களை மூடிக்கொண்டு வந்தது. ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, “ஏன் சார், இதுதான் அந்தப் பாட்டுல வர்ற மேகமா? நெசந்தானா, நம்ம ஆத்துத் தண்ணியா இது?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

“போச்சு பாட்டு சார்” என்றார் மறுபாதி சார். “ஒரு வருச ஆராய்ச்சி போச்சு. காசு சுண்டிப் பிரிச்சேன். செவுத்து ஓட்டைய அடைச்சேன். வாய்க்காக் கரைய மறந்துட்டனே! என் மறுபாதியே உங்க பாட்டக் குடிச்சுட்டு உக்காந்திருக்கு. இனி யார யாரோட ஒப்பிடுறது?” சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வர, மூட்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பேச்சியம்மா பயந்துபோய், “சார், நாங்க பாடுனது தப்பா?” என்றாள். “தப்பு எம்பேர்ல ஆத்தா. புள்ளைக பாடும்கிறத அந்தப் புத்தகத்துல எழுதலையே” என்றார்.

அப்படியும் பரீட்சையை விட்டாரா? லயத்து வாசலில் சாக்கு விரித்து இருபது பேரையும் கை நீளத்துக்கு ஒருவராக உட்கார வைத்தார். அம்மாமார்கள் தோளுக்குப் பின்னால் நின்று, “ஏலே, அது வேருடா, எழுதுடா” என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களை அப்புறப்படுத்த வழி தெரியாமல், “உங்களுக்கும் பரீட்சை இருக்கு, வாங்க” என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் வாயால் கேள்வி கேட்டேன். அவர்கள் பதிலைப் பாடினார்கள்.

மறுநாள் காலை அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம். எந்த விடைத்தாள் எந்தப் பிரிவு என்று தெரியாதபடி பெயரை மடித்து ஒட்டியிருந்தார். பாதி திருத்தும்போது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது.

“யோவ், இங்கன பாரும். தண்ணி, வேரு, விதை, ரத்த ஓட்டம், நாலையும் எல்லாரும் எழுதியிருக்காக. நான் பாட்டுக் கட்டாத காந்தப் பாடத்த ஒருத்தரும் தொடல. மறுபாதி எங்கன எங்கனன்னு கேட்டீரே? இந்தா, ஒவ்வொரு பேப்பருக்குள்ளயும் இருக்கு. பாடுன பாடம் ஒரு பாதி, பாடாத பாடம் மறுபாதி!”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை என் தகப்பனிடம்கூட நான் வாங்கியதில்லை. பிறகு முகம் பழையபடி ஆயிற்று.

“பாட்டுக் கட்டச் சுளுவான பாடமாப் பாத்து நீங்க எடுத்திருப்பீகளே? காந்தம் பாட்டில்லாமலும் கஷ்டம்தான?”

நாசமாய்ப் போக, அதுவும் உண்மைதான். காந்தத்துக்கு மெட்டு உட்காரவில்லை என்றுதான் அதை விட்டேன்.

டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். மாலை, பன்னீர், மைக் எல்லாம் தயார். மலையிலிருந்து லாரியில் இறங்கும்போதே மறுபாதி சார், போனவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்குக் காகிதத்தை என்னிடம் கொடுத்து, “நான் வாயத் தெறக்க மாட்டேன். இது உங்க வகுப்பு” என்று சொல்லியிருந்தார். சொன்னபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பயிற்சிப் பள்ளிக்கான சிபாரிசுக் கடிதம் அதிகாரியின் தோல்பையில் இருப்பதாக ஹெட்மாஸ்டர் என் காதில் சொன்னார். சராசரி எப்படி இவ்வளவு ஏறியது என்று அதிகாரி கேட்டார். பாட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மறுபாதி சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உதடு அசைய, என் வகுப்பில் காலியாகக் கிடந்த இடங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன். பதினோரு பேர் மலையில் இருப்பதையும், சராசரி ஏறியதில் பெரும்பங்கு அவர்கள் இல்லாததால்தான் என்பதையும், பாட்டு மனதில் நிற்கிறது போலத் தெரிந்தாலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். ஹெட்மாஸ்டர் நெற்றியில் கை வைத்தார். மறந்துபோய் வைத்துவிட்டார்.

அதிகாரி பட்டியலை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். “எல்லாரும் எங்கிட்டக் கூட்டித்தான் சொல்லுவாக. கொறச்சுச் சொன்ன வாத்தியார இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார். பாராட்டா வசவா என்று தெரியவில்லை. தோல்பை திறக்கவே இல்லை. கோப்பில் ‘மேலும் ஆராய வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பயிற்சிப் பள்ளி வேலை வேறு ஒருவருக்குப் போனது. அன்றைக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மறுபாதி சாரோ, ‘மேலும் ஆராய வேண்டும்’ என்ற மூன்று சொல்லை நோட்டில் எழுதி வைத்து, தனக்கே பட்டம் கிடைத்தது போலச் சாயாக்கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏலக்காய் காலத்திலும் மாதம் இரண்டு சனிக்கிழமை நாங்கள் மலைக்குப் போனோம். போனவர்களை எண்ணத்தான் போகிறோம் என்பார். போகும்போது சிலேட்டும் பாடப் புத்தகமும் மூட்டையில் இருக்கும். எண்ணுவதற்கு எதற்குச் சிலேட்டு என்று நான் கேட்டதில்லை. முதல் வருடம் மலைக்குப் போன என் பதினோரு பேரில் ஏழு பேர் திரும்பி வகுப்புக்கு வந்தார்கள். பேச்சியம்மாவும் வந்தாள். நாம் போனதால்தான் வந்தார்களா என்று அவரிடம் கேட்டேன். “தெரியாது. போகாத வருசம் எத்தன பேரு வந்தாகன்னு நாமதான் எண்ணலையே” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஆறு வருடம் அந்த அறையில் இருந்தோம். அப்புறம் அவருக்கு மாற்றல் வந்தது, சொந்த ஊர்ப் பக்கமாக, தூரத்தில். பிரிவு உபசாரக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். “இவரோட இருந்ததுனாலதான் நான் ஓரளவு நேர்மையான வாத்தியாரா ஆனேன்” என்றேன். கைதட்டல் அடங்குவதற்குள் மாலையோடு எழுந்துவிட்டார்.

“அதெப்படிச் சொல்றீக பாட்டு சார்? எங்கூடத் தங்காத இன்னொரு நீங்க எங்கன இருக்கீக? பாத்து ஒப்பிட வேணாமா?”

கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். பதில் இல்லாததால் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலைத் தேனி பஸ்ஸில் அந்த அட்டையில்லாத புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

சார், அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நீங்கள் பஸ் ஏறிய பிறகு அதே அறையில் நான் தனியாக இன்னும் ஆறு வருடம் இருந்தேன். அதே சைக்கிள் கடை, அதே இஞ்சிச் சாயா, அதே வகுப்பு. நீங்கள் மட்டும் இல்லை. அதுதான் மறுபாதி. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் இருந்த பாதிதான் சார் நன்றாக இருந்தது.